ரோடு, கிளினிக், தண்ணி: எந்தக் கேள்விய எந்த மன்றத்துல கேக்கறது?

அடுத்த சட்டமன்றக் கூட்டம் தொடங்கறதுக்கு முன்னாடி நம்ப டவுன் குடியிருப்பாளர் சங்கம் ஒரு முடிவுக்கு வந்தாகணும். கையில மூணு பிரச்சன இருக்கு. தமிழ்ப்பள்ளிக்குப் போற எஸ்டேட் ரோடு, டாக்டர் பத்தாத அரசாங்க கிளினிக், சாயங்காலம் ஆனா பைப்புல நூல் மாதிரி வர்ற தண்ணி. யாருகிட்ட போறதுன்னு ஆளுக்கொரு பேச்சு. சட்டமன்ற உறுப்பினர புடிச்சி மன்றத்துல கேக்கச் சொல்லுவோம்னு சிலர், எம்.பி. கிட்ட போனாதான் வேல நடக்கும்னு சிலர், பேப்பர்காரங்கள கூப்பிட்டு பேனர் புடிப்போம்னு தம்பிங்க, ஒய்.பி. (நாம ஓட்டு போட்டு அனுப்புன மக்கள் பிரதிநிதி) கையில இருக்கற தொகுதி மானியத்துல எதையாச்சும் செஞ்சிக்குவோம் அதான் சீக்கிரம்னு பெரியவங்க. எல்லாத்துக்குமே அரசாங்கத்த கேள்வி கேக்கறதுன்னுதான் பேரு, ஆனா ஒவ்வொண்ணுலயும் கடைசியில நம்ப கையில மிஞ்சுறது வேற வேற. என் ஓட்டு எழுத்துக் கேள்விக்கு, அதுக்கு அடுத்தபடியா விசாரணைக் குழுவுக்கு. ஏன்னு சொல்றேன், கூட்டத்துக்கு வர்றவங்க படிச்சிட்டு வந்தா பேச்சு சுருக்கமா முடியும்.

மொதல்ல எது யாரு பொறுப்புன்னு தெரியாம எந்த ஒய்.பி. வீட்டுக் கதவத் தட்டியும் பிரயோஜனம் இல்ல. மலேசியாவோட கூட்டரசு அரசியலமைப்புச் சட்டத்துல ஒன்பதாவது அட்டவணைன்னு ஒண்ணு இருக்கு, அதுல மூணு பட்டியல்: கூட்டரசுக்கு, அதாவது மத்திய அரசாங்கத்துக்கு ஒண்ணு, மாநிலத்துக்கு ஒண்ணு, ரெண்டு பேருக்கும் பொதுவா ஒண்ணு. ஆஸ்பத்திரி, கிளினிக், பள்ளிக்கூடம், போலீஸ் இதெல்லாம் கூட்டரசு. நிலமும் ஊராட்சி மன்றமும் மாநிலம். தண்ணி முன்ன மாநிலத்தோடது மட்டும்தான், 2005-ல அரசியலமைப்ப திருத்தி தண்ணி விநியோகத்த பொதுப் பட்டியலுக்கு மாத்துனாங்க, சபா சரவாக் நீங்கலா, அதுக்கப்புறம் தண்ணி சேவைய கண்காணிக்கற ஸ்பான் ஆணையம் வந்துச்சு, ஆனா ஆறும் நீர்ப்பிடிப்பு நிலமும் இன்னமும் மாநிலத்துகிட்டதான். அதனால தண்ணியப் பத்தி ரெண்டு மன்றத்துலயும் கேக்கலாம், ரெண்டு பக்கமும் மத்தவங்கள கை காட்டவும் முடியும். கிளினிக்க பத்தி சட்டமன்றத்துல கேட்டா இது எங்க அதிகாரத்துல இல்லன்னு ஒரே வரியில முடிச்சிடுவாங்க, அந்த ஒரு வரிக்காக ஒரு கூட்டத்தொடர வீணாக்க வேணாம்.

கவுன்சிலர்கிட்ட சொன்னா போதாதான்னு நிறைய பேர் கேக்கறாங்க. சொல்லணும்தான், சொல்லாம விடக்கூடாது. ஆனா கவுன்சிலர நாம தேர்ந்தெடுக்கல. ஊராட்சித் தேர்தல 1965-ல இந்தோனேசியாவோட மோதல் நடந்த கொன்ஃப்ரொந்தாசி நேரத்துல நிறுத்தி வெச்சாங்க, 1976 உள்ளாட்சிச் சட்டத்தோட அது ஒரேயடியா போயிடுச்சு, அதுலேர்ந்து மாநில அரசாங்கம்தான் கவுன்சிலர நியமிக்குது. நியமிச்சவங்களுக்குத்தான் அவங்க பதில் சொல்லுவாங்க. அப்ப கால்வாய், தெருவிளக்கு இதுக்கெல்லாம் நாம ஓட்டு போட்டு அனுப்புன ஆளு எழுந்து நின்னு கேக்கக்கூடிய ஒரே எடம் மாநிலச் சட்டமன்றம். அதனாலதான் சட்டமன்றத்த ரெண்டாம்பட்சமா நெனைக்கறவங்கள நான் ஒத்துக்க மாட்டேன்.

இப்ப ரோட்டுக்கு வருவோம், மூணுல சிக்கலானது இதுதான். டவுன்லேர்ந்து வர்ற தார் ரோடு எஸ்டேட் கேட்டு கிட்ட வந்ததும் அப்படியே வெட்டுன மாதிரி நிக்கும், அந்தப் பக்கம் செம்மண்ணு, செம்பனைக் குலை ஏத்துற லோரி போயி போயி ரெண்டு பக்கமும் பள்ளம், மழை பேஞ்சா பள்ளிக்கூட வேன் பள்ளத்துக்கு நடுவுல இருக்கற மேட்டுல ஒரு டயரும் ஓரப் புல்லுல ஒரு டயரும் வெச்சி போகுது. கேட்டுல ஜாலான் பெர்செண்டிரியான்னு, அதாவது தனியார் ரோடுன்னு போர்டு. அந்த போர்டுதான் விஷயமே. மாநிலத்துக்கு ரோடு பராமரிக்க கூட்டரசு வருஷா வருஷம் பணம் குடுக்குது, அரசியலமைப்புல 109-ஆவது பிரிவுலயே அது இருக்கு, எந்த ரோட்டுக்குன்னா மாரிஸ்னு சொல்ற பதிவேட்டுல ஏறுன ரோட்டுக்கு. தனியார் நிலத்துல கிடக்கற எஸ்டேட் ரோடு அதுல ஏறாது. நிலத்த கம்பெனி ரோட்டுக்குன்னு ஒப்படைக்கணும், நில அலுவலகம் ஏத்துக்கணும், அப்புறம்தான் பதிவு. ஆக இது ரோட்டுப் பிரச்சன மாதிரி தெரிஞ்சாலும் உண்மையில நிலப் பிரச்சன, நிலம்னா மாநிலம், மாநிலம்னா சட்டமன்றம். தோட்டத்துக்குள்ள லயத்து வீட்டோட நெலம வேற கதை, அது 446-ஆம் சட்டம், வீட்டையும் அடிப்படை வசதியையும் குடுக்க வேண்டியது முதலாளி, கண்காணிக்கறது தொழிலாளர் இலாகா, அதாவது கூட்டரசு. ஒரே கேட்டுக்குள்ள போனா ரோட்டுக்கு ஒரு மன்றம் வீட்டுக்கு ஒரு மன்றம். எஸ்டேட்டுல மருந்து குடுக்கற டிரெஸ்ஸரும் மேனேஜர் தொரையும் எல்லாத்தையும் பாத்துக்கிட்ட காலத்துல இந்தப் பிரிவு நமக்குத் தெரியவேண்டிய அவசியமே வரல, இப்ப தெரிஞ்சே ஆகணும்.

சரி, வழிகள ஒவ்வொண்ணா பாப்போம். மானியத்த மொதல்ல எடுக்கறேன், ஏன்னா அதுலதான் எனக்கு ரொம்ப அழுத்தமான கருத்து. போன கூட்டத்துல ஒரு அக்கா கேட்டாங்க, "ஏன் தம்பி, ஒய்.பி. நல்ல மனுசன், கேட்டா நாலு லோரி கல்லு கொட்டிட்டுப் போவாரு, எதுக்கு மன்றம் அது இதுன்னு இழுத்தடிக்கறீங்க?" அக்கா சொல்றதுல ஞாயம் இருக்கு, வேன்ல போற பிள்ளைங்க நாளைக்கே போகணும். ஆனா மக்கள் பிரதிநிதியோட வேல அரசாங்கம் தர்ற சேவைய கண்காணிக்கறது. அவரே கல்லு கொட்டிட்டா அந்த ரோட்டுக்குப் பொறுப்பான இலாகா யாருக்குமே பதில் சொல்ல வேண்டியதில்ல, அடுத்த மழையில கல்லு போயிடும், மறுபடியும் அவரு வாசல்ல போயி நிப்போம். அதோட இந்த மானியம் ஆளுங்கட்சி ஒய்.பி.க்கு ஒரு மாதிரி எதிர்க்கட்சி ஒய்.பி.க்கு ஒரு மாதிரின்னு பல மாநிலத்துல வருஷக்கணக்கா சண்ட நடக்குது, அப்படிப்பட்ட காச நம்பி ஒரு ஊரோட ரோட்ட வைக்கக்கூடாது. அவசரத்துக்கு கல்லு கொட்டட்டும், வேணாங்கல, ஆனா அதே வாரத்துல கேள்வியும் போயாகணும்.

அடுத்து வாய்மொழிக் கேள்வி. எல்லாருக்கும் புடிச்சது இது, ஏன்னா வீடியோ வரும். நம்ப ஒய்.பி. எழுந்து நின்னு நம்ப டவுன் பேர சொல்றத போன்ல பாக்கறதுக்கு பெருமையாத்தான் இருக்கும். துணைக் கேள்வி கேக்கலாம்ங்கறதுதான் இதோட பலம், ஆட்சிக்குழு உறுப்பினர் (மாநிலத்துல அமைச்சர் மாதிரி) வழுக்கிப் பேசுனா அந்த எடத்துலயே மடக்கலாம், கேக்கத் தெரிஞ்ச ஆளா இருந்தா. ஆனா நேரம் ரொம்ப கம்மி. நாடாளுமன்றத்துல மக்களவையிலயே கேள்வி நேரம் ஒன்றரை மணி நேரந்தான், 222 பேரு இருக்கற எடத்துல. சட்டமன்றமோ வருஷத்துல கூடுற நாளே கொஞ்சம், ரெண்டு கூட்டத்துக்கு நடுவுல ஆறு மாசத்துக்கு மேல போகக்கூடாதுன்னு எட்டாவது அட்டவணை சொல்றதுனால கூடறாங்க. பட்டியல்ல பின்னாடி இருக்கற கேள்விக்கு முறை வர்றதே இல்ல. வந்தாலும் "நடவடிக்கையில் உள்ளது"ன்னு ஒரு பதில், கைத்தட்டல், முடிஞ்சிது.

இதுல இன்னொண்ணும் இருக்கு. நம்ப ஒய்.பி. ஆளுங்கட்சியா இருந்தா தன் ஆட்சிக்குழுவ மன்றத்துல சங்கடப்படுத்த யோசிப்பாரு, அவரே ஆட்சிக்குழுவுல இருந்தா கேள்வியே கேக்க முடியாது, பதில் சொல்ற எடத்துல இருக்காரு. எம்.பி. அமைச்சரா இருந்தாலும் இதே கததான். எதிர்க்கட்சி எவ்வளவு பேருங்கறதும் முக்கியம், சிலாங்கூரயே எடுத்துக்குங்க, 56 தொகுதி, 2018-ல ஆளுங்கட்சி 51, எதிர்ப்பக்கம் அஞ்சே அஞ்சு பேரு, அஞ்சு பேரு எத்தன இலாகாவ கண்காணிக்க முடியும்? 2023-ல அது 34-க்கு 22-ன்னு ஆச்சு. எந்தக் கட்சி நல்லதுங்கற பேச்சுக்கு நான் வரல. எந்தக் கட்சி ஆண்டாலும் எதிர்ல ஆளு இருந்தாத்தான் கேள்வி கூர்மையா இருக்கும், அதனால பக்கத்துத் தொகுதி ஒய்.பி. எந்தக் கட்சியா இருந்தாலும் அவருகிட்டயும் போகலாம், தொகுதி எல்லைய தாண்டி மாநில அரசாங்கத்த கேக்க அவருக்கு முழு உரிமை இருக்கு. இத நம்பாளுங்க பண்றதே இல்ல.

எழுத்துக் கேள்வி இருக்கே, அதுல வீடியோ கிடையாது, கைத்தட்டல் கிடையாது. ஆனா பதில் எழுத்துல வரும், மன்றத்துக்குக் குடுத்த பதிலா நிக்கும், அடுத்த வருஷம் ஆட்சிக்குழு உறுப்பினர் மாறுனாலும் அந்தத் தாளு மாறாது. இலாகா அதிகாரி உக்காந்து கோப்பு எடுத்து எண்ணிக்கை பாத்து எழுதணும், மேலதிகாரி கையெழுத்து போடணும், அங்கயே பாதி வேல ஆரம்பிச்சிடும். ஒரே ஒரு கண்டிஷன், கேள்விய நாம ஒழுங்கா எழுதிக் குடுக்கணும். "எஸ்டேட் ரோட்ட அரசாங்கம் எப்ப செஞ்சு குடுக்கும்?"னு கேட்டா பதில் எப்படி வரும்னு எல்லாருக்கும் தெரியும். அதுக்குப் பதிலா இப்படிக் கேக்கணும்: இந்த மாவட்டத்துல பள்ளிக்கூடத்துக்குப் போற தோட்ட ரோடுங்க எத்தன, எந்தெந்தப் பள்ளி, ஒவ்வொண்ணோட நீளம் என்ன, அதுல எது எது மாரிஸ்ல பதிவாகியிருக்கு, பதிவாகாததுக்கு நிலத்த ஒப்படைக்கச் சொல்லி கம்பெனிக்கு எந்தத் தேதியில கடிதம் போச்சு, போகலேன்னா ஏன் போகல. இதுக்கு நடவடிக்கையில் உள்ளதுன்னு பதில் எழுத முடியாது. எழுதுனா அதுவே அடுத்த கேள்விக்கு ஆதாரம். மாவட்டம்னு கேக்கறதுலயும் காரணம் இருக்கு, நம்ப பள்ளி மட்டும்னா ஒரு ஊரோட புலம்பல், பத்துப் பள்ளி பட்டியல்ல வந்தா அது மாநிலக் கொள்கையோட ஓட்டை.

சிலாங்கூர்லயும் பினாங்குலயும் இருக்கறவங்களுக்கு இதோட கூட இன்னொரு கருவி இருக்கு. பினாங்கு 2010-லயும் சிலாங்கூர் 2011-லயும் தகவல் சுதந்திரச் சட்டம் நிறைவேத்துனாங்க. மாநில இலாகா, நில அலுவலகம், ஊராட்சி மன்றம் இங்கயெல்லாம் இருக்கற ஆவணத்த பொதுமக்களே பாரம் பூர்த்தி பண்ணி கேக்கலாம், ஒய்.பி. தேவையில்ல. கேள்வி எழுதறதுக்கு முன்னாடி அந்த நிலத்தோட விவரத்த இப்படி வாங்கிட்டோம்னா ஒய்.பி. கையில குடுக்கற தாளு கனமா இருக்கும். கூட்டரசு இலாகாவுக்கு இந்த மாநிலச் சட்டம் செல்லாது, கிளினிக்குக்கு உதவாது.

விசாரணைக் குழுதான் எல்லாத்துலயும் பலமானது, ரொம்ப மெதுவானதும் அதான். மன்றத்துல ஆட்சிக்குழு உறுப்பினர் மட்டும் பேசுவாரு, குழுவுலதான் அதிகாரிங்க நேர்ல வந்து உக்காந்து பதில் சொல்லணும், கோப்ப காட்டணும். நாட்டு அளவுல அரசாங்கச் செலவ ஆராயற பொதுக் கணக்குக் குழு 2022 ஆகஸ்டுல எல்.சி.எஸ். போர்க்கப்பல் விவகாரத்துல என்ன பண்ணுச்சுன்னு ஞாபகம் இருக்கும், 9 பில்லியன் வெள்ளி (ரிங்கிட்) திட்டம், 6 பில்லியனுக்கு மேல கட்டியாச்சு, ஒரு கப்பல்கூட கைக்கு வரலேங்கறத கணக்கோட வெளிய கொண்டாந்துச்சு. மாநில அளவுல சிலாங்கூர் 2008-ல ஆட்சி மாறுனதும் ஆற்றல், பொறுப்புடைமை, வெளிப்படைத்தன்மைக்குன்னு செல்கேட்னு சொல்ற தேர்வுக் குழு அமைச்சி, சபாநாயகர் தலைமையில பொதுமக்கள் முன்னாடியே விசாரணை நடத்துனாங்க, அதுல முக்கியமா தோண்டுனது ஒய்.பி. மானியம் எப்படி செலவாச்சுங்கறதத்தான். ஒரு மாநில மன்றத்தால அப்படிச் செய்ய முடியும்னு அன்னைக்கே காட்டியாச்சு.

வெளிநாட்டு உதாரணம் ஒண்ணு சொல்லணும், ஏன்னா நம்ப நெலமைக்கு ரொம்ப கிட்ட இருக்கு. ஸ்காட்லாந்துக்கு 1999-லேர்ந்து தனி நாடாளுமன்றம், 129 உறுப்பினர், சுகாதாரம் கல்வி போக்குவரத்து எல்லாம் லண்டன்லேர்ந்து அங்க மாத்தி விட்டாச்சு. தீவுல இருக்கற ஜனங்களுக்கு கப்பல்தான் ரோடு. 2015-ல ரெண்டு கப்பல் கட்ட 97 மில்லியன் பவுண்டுக்கு ஒப்பந்தம் போட்டாங்க, மொத கப்பல் 2018-ல வரவேண்டியது, பயணிங்கள ஏத்துனது 2025 ஜனவரியில, செலவு பல மடங்கு ஏறிடுச்சு. வாரா வாரம் வியாழக்கிழம முதலமைச்சர் கேள்வி நேரத்துல இதப் பத்தி கத்துனாங்க, டிவியில வந்துச்சு. ஆனா ஒப்பந்தத்துல எங்க தப்பு நடந்துச்சு, யாரு எந்த எச்சரிக்கைய தாண்டி கையெழுத்து போட்டாங்கங்கறது வெளிய வந்தது குழு விசாரணையிலயும் தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கையிலயும். நமக்கும் கணக்காய்வாளர் இருக்காரு, அரசியலமைப்பு 106-ஆவது பிரிவுப்படி மாநிலக் கணக்கையும் அவருதான் பாக்கறாரு, மாநில அறிக்கை சட்டமன்றத்துக்கு வருது. அத படிச்சி நம்ப மாவட்டம் எந்தப் பக்கத்துல வருதுன்னு பாக்கற சங்கம் எத்தன இருக்கு?

அங்க இருக்கற இன்னொரு ஏற்பாடு எனக்கு ரொம்ப ஆசையா இருக்கு. ஸ்காட்லாந்துல ஒத்த ஆளு கையெழுத்து போட்டு மனு குடுத்தாலும் அதுக்குன்னு இருக்கற குழு எடுத்துப் பாக்கும், வேல்ஸ்ல 250 கையெழுத்து இருந்தா குழுவுக்குப் போகும். நம்ப மக்களவையில மனுன்னா ஒரு உறுப்பினர் கையாலதான் போகணும். இத மாத்தச் சொல்லிக் கேக்கறது நம்ப வேலைதான், ஆனா இந்த ரோட்டுக்கு அது உதவாது.

கிளினிக் விஷயத்துக்கு எம்.பி.தான், வேற வழி இல்ல. அங்கயும் எழுத்துக் கேள்வியே மேல்: இந்த கிளினிக்குக்கு அனுமதிச்ச டாக்டர் பதவி எத்தன, நெரப்புனது எத்தன, காலியா எத்தன மாசம். இதுக்கு மேல மக்களவையில கமார் காஸ்னு சிறப்பு அறை இருக்கு, 2016-லேர்ந்து நடக்குது, பெரிய மன்றத்துல எடம் கெடைக்காத உள்ளூர் விஷயத்த அங்க எழுப்புனா அமைச்சரோ துணையமைச்சரோ பதில் சொல்லணும். ஒரு கிளினிக்குக்கு அது சரியான அளவு. எம்.பி. ஒத்து வரலேன்னா மேலவை இருக்கு, 70 செனட்டர், அதுல ஒவ்வொரு மாநிலச் சட்டமன்றமும் ரெண்டு பேர தேர்ந்தெடுத்து அனுப்புது. நம்ப மாநிலத்துலேர்ந்து போன அந்த ரெண்டு பேரு யாருன்னு சங்கத்துல கேட்டா பதில் வராது, இத உடனே தெரிஞ்சிக்கணும்.

பேனரும் பேப்பரும் பத்தி தம்பிங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு. செய்யுங்க, ஆனா பதில் வந்த பிறகு செய்யுங்க. கையில இலாகாவோட எழுத்துப் பதில் இருந்தா நிருபர் அத வெச்சி எழுதுவாரு, இல்லாட்டி நாம கோவமா இருக்கறோம்னு மட்டுந்தான் எழுதுவாரு.

இவ்வளவு சொல்றேனே, மன்றமே மூடியிருந்தா என்ன ஆகும்னு நாம பாத்திருக்கோம். 2021 ஜனவரி 12-லேர்ந்து ஆகஸ்டு 1 வரைக்கும் அவசரகாலம், அதுல பெரும்பாலான நாள் நாடாளுமன்றமும் சட்டமன்றங்களும் முடங்கிக் கெடந்துச்சு, கோவிட் உச்சத்துல, ஆஸ்பத்திரி நெரம்பி வழிஞ்ச நேரத்துல கேள்வி கேக்க எடமே இல்ல. வட அயர்லாந்துல 2017-லேர்ந்து மூணு வருஷம், திரும்ப 2022-லேர்ந்து 2024 பிப்ரவரி வரைக்கும் மன்றம் நடக்கல, பெரும்பாலும் அதிகாரிங்கதான் ஓட்டுனாங்க, ஆஸ்பத்திரியில காத்திருக்கறவங்க பட்டியல் நீண்டுக்கிட்டே போச்சு, கேக்க மன்றம் இல்ல. மன்றம் நடக்கற காலத்துல அத பயன்படுத்தாம ஒய்.பி. சேவை மையத்து வாசல்ல மட்டும் நிக்கறது எனக்கு மனசு ஒப்பல.

ஆக என் பரிந்துரை இது. ரோட்ட மொதல்ல எடுப்போம், மூணையும் ஒண்ணா போட்டுக் குழப்ப வேணாம். நம்ப ஒய்.பி.க்கும் பக்கத்துத் தொகுதி ஒய்.பி.க்கும் ஒரே நாள்ல எழுத்துக் கேள்விய குடுப்போம், யாரு கேட்டாலும் சரி. பதில் மழுப்பலா வந்தா பட்ஜெட் விவாதத்துல அத தூக்கிப் பேசச் சொல்லுவோம், மாநில பட்ஜெட் வருஷக் கடைசியில வருது, அதுக்குள்ள பதில் கையில இருக்கும். அதுக்கும் அசையலேன்னா மாநிலப் பொதுக் கணக்குக் குழுவுக்கு கடிதம், நம்ப ஒரு ஊரு மட்டும் இல்லாம மத்த தமிழ்ப்பள்ளி பெற்றோர் சங்கங்களையும் சேத்து. கிளினிக் கேள்வி தனியா எம்.பி. ஆபீஸுக்குப் போகட்டும். தண்ணிக்கு ஒரு மாசம் ஆளுக்கொரு வீடா நேரமும் அளவும் குறிச்சி வெப்போம், எந்த நாளு எத்தன மணிக்கு நின்னுச்சுன்னு தேதியோட இருந்தாத்தான் ஸ்பானுக்கும் மாநிலத்துக்கும் ஒரே நேரத்துல அனுப்ப முடியும், ஒருத்தர் மத்தவங்கள கை காட்டும்போது ரெண்டு பேரு கையிலயும் ஒரே தாளு இருக்கணும்.

நில அலுவலகத்துல விவரம் கேக்கற பாரத்துக்கு சங்கத் தலைவர் கையெழுத்து வேணும், ரோட்டோட நீளத்த அளக்க மீட்டர் வேல செய்யற மோட்டர் சைக்கிள் வெச்சிருக்கற ஆளு ஒருத்தர் வேணும், போட்டோ எடுக்கறவங்க கேட்டுல இருக்கற அந்த போர்டையும் தார் முடியற எடத்தையும் ஒரே படத்துல வர்ற மாதிரி எடுங்க. கேள்விய மலாயில எழுதித் தர பள்ளி ஆசிரியர் ஒருத்தர் ஒத்துக்கிட்டாரு. கூட்டத்துல யாருக்கு மாத்துக் கருத்து இருந்தாலும் சொல்லுங்க, மானியம்தான் நல்லதுன்னு நெனைக்கற பெரியவங்களும் கண்டிப்பா வாங்க.